தார் பூசிய பேட்டரிக்கு எந்த சார்ஜர்?

மிச்சிகனில் சாலைக்கு உப்புப் போடும் லாரி முதல் தடவை கண்ணில் பட்டதும், பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே வேலையைத்தான் செய்வோம். காரைக் கேரேஜுக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிடுவோம். நவம்பர் நடுவில் உள்ளே போகும் கார், ஏப்ரலில் இரண்டு நல்ல மழை பெய்து உப்பைக் கழுவிய பிறகுதான் வெளியே வரும். என்னிடம் இருப்பது 1966 ஃபோர்டு மஸ்டாங், 289 வி-8 எஞ்சின். அதில் உட்கார்ந்திருப்பது அந்தக் காலத்துப் பேட்டரியை அப்படியே பார்த்துச் செய்த நகல். கறுப்புப் பெட்டி, மேலே தார் ஊற்றி அடைத்த தோற்றம், ஆறு செல்லுக்கும் ஆறு தனி மூடி, ஆட்டோலைட் என்ற எழுத்து. கடையில் கிடைக்கும் சாதாரண பேட்டரியைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்கினேன். வீட்டில் அந்த விலையைச் சொல்லவில்லை.

இந்தப் பேட்டரியை அந்த ஐந்து மாதமும் எப்படிக் காப்பாற்றுவது? இதற்கு ஆளுக்கொரு வழி சொல்வார்கள். எனக்குத் தெரிந்த எல்லா வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். சிலவற்றை நானே செய்து கெட்டிருக்கிறேன்.

அதற்கு முன் ஆட்டோலைட் பற்றி ஒரு வார்த்தை. ஃபோர்டு நிறுவனம் 1961-இல் ஆட்டோலைட் என்ற பெயரையும், ஒஹையோவில் ஒரு ஸ்பார்க் பிளக் ஆலையையும், இதே மிச்சிகனில் ஓவோஸோ என்ற ஊரில் இருந்த பேட்டரி ஆலையையும் வாங்கியது. போட்டியை ஒடுக்கும் செயல் என்று அரசு வழக்குப் போட்டது. 1972-இல் உச்ச நீதிமன்றம் பெயரையும் பிளக் ஆலையையும் கைவிடச் சொல்லிவிட்டது. அதன் பிறகுதான் ஃபோர்டு பேட்டரிகளில் மோட்டார்கிராஃப்ட் என்ற பெயர் வந்தது. அதனால் அறுபதுகளின் மஸ்டாங்கில் மோட்டார்கிராஃப்ட் பேட்டரியைப் பார்த்தால் கார் கண்காட்சி நடுவர்கள் முகம் சுளிப்பார்கள். நகல் பேட்டரிக்கு இவ்வளவு விலை கொடுப்பதன் காரணமே இதுதான்.

தாருக்குக் கீழே என்ன?

சார்ஜரைப் பற்றிப் பேசுமுன் பேட்டரியைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெளியே ஒரே மாதிரி தெரியும் நகல் பேட்டரிகளுக்கு உள்ளே இரண்டு வேறு வேறு சாமான்கள் இருக்கின்றன. ஒன்று, பழைய முறைப்படியே ஆசிட் தளும்பும் ஈர பேட்டரி. இன்னொன்று, ஏஜிஎம் எனப்படும் மூடிய பேட்டரி. அதில் ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பாய்கள் உறிஞ்சி வைத்திருக்கும், மேலே உள்ள மூடிகள் வெறும் அலங்காரம். திருகிப் பாருங்கள். மூடி கழன்று, உள்ளே டார்ச் அடித்தால் ஆசிட் மட்டம் தெரிந்தால் ஈர பேட்டரி. கழலவே இல்லையென்றால் பலத்தைக் காட்டாதீர்கள், அது ஏஜிஎம்மாக இருக்கும். சந்தேகம் இருந்தால் விற்றவரைக் கேட்டுவிடுவது நல்லது.

இந்த ஒரு விஷயம் தெரியாமல் சார்ஜர் வாங்குவது, கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குவது மாதிரி. ஈர பேட்டரியில் சார்ஜ் கொஞ்சம் அதிகமாகிப்போனால் தண்ணீர்தான் ஆவியாகும், ஊற்றிக்கொள்ளலாம். ஏஜிஎம்மில் போன தண்ணீர் போனதுதான், ஊற்றுவதற்கு வழி கிடையாது. சில சார்ஜர்களில் எல்லா செல்லையும் சமப்படுத்த 15.5 வோல்ட் வரை ஏற்றும் ஒரு நிலை உண்டு. ஈர பேட்டரிக்கு அது எப்போதாவது கொடுக்கும் பேதி மருந்து. ஏஜிஎம்முக்கு விஷம்.

நிறைந்த ஈர பேட்டரி, சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் ஆன பிறகு, 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டும். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால். நிறைந்த ஏஜிஎம் 12.8-க்கு மேல் நிற்கும், ஆகவே 12.6 காட்டும் ஏஜிஎம் நிறைந்தது இல்லை. சார்ஜரைக் கழற்றின கையோடு மல்டிமீட்டரை வைத்தால் 13-க்கு மேல் காட்டி ஏமாற்றும். ஹெட்லைட்டை ஒரு நிமிஷம் போட்டு அணைத்துவிட்டுப் பார்த்தால் அந்த மேல்பூச்சு போய்விடும்.

என் காரில் இருப்பது ஈர பேட்டரி. நான் அதன் கட்சியில் நிற்க இன்னொரு காரணமும் இருக்கிறது. 1966 மஸ்டாங்கில், ஓடும்போது பேட்டரியை நிரப்பும் ஆல்டர்னேட்டரைக் கட்டுப்படுத்துவது ரெகுலேட்டர் என்ற, தனியே மாட்டிய ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் டக்டக்கென்று தொட்டு விலகும் காண்டாக்ட் முனைகள். குளிரில் அது வோல்டேஜைக் கொஞ்சம் உயர்த்தியே கொடுக்கும், அந்தக் காலத்து ஈர பேட்டரிக்கு அப்படித்தான் வேண்டும் என்று செய்த ஏற்பாடு. அந்தக் காரில் ஏஜிஎம் போடுபவர்கள் ரெகுலேட்டர் எவ்வளவு ஏற்றுகிறது என்று ஒருமுறை அளந்து பார்த்துவிட வேண்டும். 14.8-ஐத் தாண்டி நின்றால் பேட்டரியின் ஆயுள் குறையும்.

குளிர் எதிரியா, நண்பனா?

பேட்டரி இறங்குவதற்கு இரண்டு காரணம். ஒன்று, கார் குடிப்பது. இன்றைய கார்களில் கம்ப்யூட்டர், அலாரம், சாவியின் ரிசீவர் என்று தூங்கும்போதும் எதுவாவது குடித்துக்கொண்டே இருக்கும். என் மஸ்டாங்கில் அப்படி எதுவும் இல்லை. கடிகாரம்கூடத் தனியாகக் காசு கொடுத்து வாங்கும் சாமான், என் காரில் அது கிடையாது. கூடவே பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் காரின் பாடியோடு சேர்க்கும் எர்த் வயரையும் கழற்றிவிட்டால் கார் குடிப்பது சுத்தமாகப் பூஜ்யம்.

இன்னொன்று, பேட்டரி தானே இறங்குவது. உள்ளே இருக்கும் ஈய பிளேட்டில் ஆன்டிமனி கலந்த பழைய வகை, 25 டிகிரி வெப்பத்தில் மாதம் 5 முதல் 10 விழுக்காடு இழக்கும். கால்சியம் கலந்தது அதைவிட நன்றாகத் தாங்கும். இதில் ஒரு கணக்கு உண்டு. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் இழப்பு ஏறக்குறைய பாதியாகும். என் கேரேஜில் ஹீட்டர் இல்லை, ஜனவரியில் மைனஸ் 5 சாதாரணம். 25-இலிருந்து 15, 15-இலிருந்து 5, 5-இலிருந்து மைனஸ் 5. மூன்று முறை பாதியாக்கினால் எட்டில் ஒரு பங்கு. மாதம் 8 விழுக்காடு இழக்கக்கூடிய பேட்டரி, அங்கே மாதம் 1 விழுக்காடுதான் இழக்கும். ஐந்து மாதத்துக்கும் சேர்த்து 5. அந்தப் பேட்டரி ஏப்ரலில் 12.6-ஐ ஒட்டித்தான் நிற்கும்.

அப்படியானால் குளிரில் பேட்டரி உறைந்து வெடிப்பது? அது காலிப் பேட்டரியின் கதை. நிறைந்த பேட்டரியின் ஆசிட் உறைய மைனஸ் 50-க்கும் கீழே போக வேண்டும், மிச்சிகனில் அந்தக் குளிர் வராது. பாதி இறங்கியது மைனஸ் 25 வாக்கில் உறையும். சுத்தமாக இறங்கியது மைனஸ் 10-க்கு முன்பே பனிக்கட்டியாகி, பெட்டி பிளந்து, பிளேட்டுகள் வளைந்து, குப்பைக்குத்தான் போகும். உறைந்த பேட்டரியைச் சார்ஜ் போட்டு உருக்கலாம் என்று நினைக்கவே கூடாது.

அதாவது, குளிருக்குள் நிறைந்த பேட்டரியாகப் போகிறதா என்பதுதான் முக்கியம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியாகப் பார்க்கலாம்.

விலை குறைந்த ட்ரிக்கிள் சார்ஜர்

என் முதல் குளிர்காலத் தவறு இது. பக்கத்துத் தெருவில் ஒரு கேரேஜ் சேலில் ஐந்து டாலருக்கு, சின்ன கரண்டை விடாமல் ஏற்றிக்கொண்டே இருக்கும் ஒரு பழைய ட்ரிக்கிள் சார்ஜர் கிடைத்தது. நிறைந்ததும் தானாக நிற்கும் வசதி அதில் இல்லை. நவம்பரில் மாட்டினேன். "சின்ன கரண்ட்தானே, என்ன ஆகிவிடும்?" என்று விட்டுவிட்டேன். மார்ச்சில் மூடியைத் திறந்து பார்த்தால் ஆறு செல்லிலும் பிளேட்டுகள் காய்ந்து தலை நீட்டிக்கொண்டிருந்தன. தாரின் மேல் வெள்ளைப் பொடி. அதைவிட வயிற்றெரிச்சல், பேட்டரிக்குக் கீழே உள்ள தட்டில் பெயின்ட் கொப்பளித்திருந்தது.

இதற்கும் கணக்கு உண்டு. நிறைந்த பேட்டரிக்குள் போகும் ஒவ்வொரு ஆம்பியர்-மணியும் (ஒரு ஆம்பியர் கரண்ட் ஒரு மணி நேரம் ஓடும் அளவு) ஒவ்வொரு செல்லிலும் மூன்றில் ஒரு கிராம் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிடும். அரை ஆம்பியர்தான் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-மணி, செல்லுக்கு 4 கிராம். நான்கு மாதத்தில் செல்லுக்கு ஏறக்குறைய அரை லிட்டர். அவ்வளவு தண்ணீர் போனால் பிளேட் காயாமல் என்ன செய்யும்? ஒரு இரவுக்குப் போட்டுக் காலையில் கழற்றும் ஒழுக்கம் இருந்தால் இந்த சார்ஜர் மோசமில்லை. அந்த ஒழுக்கம் எனக்கு இல்லை என்பது 5 டாலர் கொடுத்துத் தெரிந்துகொண்டது. பேட்டரி விலை தனி.

பெரிய பழைய சார்ஜர்

மெக்கானிக் கடை மூலையில் சக்கரம் வைத்து நிற்குமே, கனமான டிரான்ஸ்ஃபார்மர், முன்னால் முள் ஆடும் ஆம்பியர் மீட்டர், அந்த ஜாதி. குளிர்காலம் முழுக்கக் காப்பதற்கு இது ஆகாது. ஆனால் வீட்டில் ஒன்று இருப்பது நல்லது. காரணம், நவீன ஸ்மார்ட் சார்ஜர்கள் பல, பேட்டரி ரொம்பவும் இறங்கிக் கிடந்தால் அதைப் பேட்டரி என்றே ஒத்துக்கொள்ளாது. சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். பழைய சார்ஜருக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. பக்கத்திலேயே நின்று அரை மணி நேரம் போட்டு வோல்டேஜைத் தூக்கிவிட்டு, மிச்சத்தை ஸ்மார்ட் சார்ஜரிடம் கொடுத்துவிடலாம்.

என் காரின் பேட்டரி அளவுக்கு 6 அல்லது 7 ஆம்பியர் போதும். 40 ஆம்பியருக்குத் திருப்பி வைத்து அவசரப்பட்டால் ஆசிட் கொதிப்பது போல நுரைக்கும், பிளேட்டிலிருந்து பொடி உதிர்ந்து அடியில் தங்கும். நகல் பேட்டரி வேகத்துக்கு வாங்கியது இல்லை.

ஸ்மார்ட் சார்ஜர்

இப்போது பெரும்பாலோர் கை நீட்டுவது இதற்குத்தான். பேட்டரி டெண்டர், நோக்கோ, சிடெக் என்று கடையில் வரிசையாகத் தொங்கும். வேலை ஒன்றுதான். 14.4 வோல்ட் வாக்கில் ஏற்றி நிரப்பும், கரண்ட் குறைந்ததும் தானே இறங்கி, ஈர பேட்டரிக்கு 13.2 முதல் 13.5 வரை, ஏஜிஎம்முக்குச் சற்று மேலே நிற்கும். சில மாடல்கள் நிரப்பிவிட்டு முழுக்க விலகி, வோல்டேஜ் இறங்கும்போது மட்டும் எழுந்து வந்து திரும்ப ஏற்றும். ஈர பேட்டரிக்கு எனக்கு இரண்டாவது ரகம்தான் பிடிக்கும், தண்ணீர் குறைவாகப் போகிறது.

வாங்கும்போது பார்க்க வேண்டியது ஆம்பியர். பேட்டரி டெண்டர் ஜூனியர் 0.75 ஆம்பியர், நோக்கோ ஜீனியஸ் 1 பெயரிலேயே 1 ஆம்பியர், சிடெக்கின் அமெரிக்க மாடல் ஒன்று 4.3. நிறைந்த பேட்டரியை நிறைந்தபடி வைத்திருக்க 0.75 தாராளம். ஆனால் பாதி இறங்கிய 65 ஆம்பியர்-மணி பேட்டரியை 1 ஆம்பியர் சார்ஜரில் மாட்டினால் நிரம்ப ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். மாலையில் மாட்டிவிட்டுக் காலையில் "சார்ஜே ஏறலையே" என்று புலம்புபவர்களை நிறைய பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு சார்ஜர்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் 4 அல்லது 5 ஆம்பியரில் வாங்குங்கள்.

அடுத்தது வெப்பத்துக்கு ஏற்ப வோல்டேஜை மாற்றிக்கொள்ளும் வசதி. குளிரில் பேட்டரி கூடுதல் வோல்டேஜ் கேட்கும், வெயிலில் குறைவாகக் கேட்கும். 12 வோல்ட் பேட்டரிக்கு ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.02 முதல் 0.03 வோல்ட். 25 டிகிரிக்குச் சரியான வோல்டேஜ், மைனஸ் 10 டிகிரியில் ஒரு வோல்ட் வரைகூடப் பற்றாமல் போகலாம். வசதி இல்லாத சார்ஜர் குளிர்காலத்தில் கெடுதல் செய்யாது, கொஞ்சம் அரைகுறையாக நிரப்பும், அவ்வளவுதான். ஜூலையில் 35 டிகிரி கேரேஜில் அதே சார்ஜரை மாட்டி மறந்தால்தான் தண்ணீர் குறையும்.

குறை என்று சொன்னால், ஸ்மார்ட் என்ற பெயர்தான். பச்சை விளக்கு எரிகிறது என்று ஐந்து மாதம் யாரும் மூடியைத் திறந்து பார்ப்பதில்லை. ஒரு செல் தண்ணீர் குறைந்து காய்ந்துகொண்டிருப்பதோ, ஒரு செல் மட்டும் கெட்டுப்போயிருப்பதோ அந்த விளக்குக்குத் தெரியாது. மின்சாரம் போய் வந்த பிறகு, யாராவது வந்து பொத்தானை அழுத்தும்வரை சும்மா கிடக்கும் மாடல்களும் உண்டு. பனிப்புயலில் மின்கம்பி அறுந்து விழும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

எர்த்தைக் கழற்றிவிட்டு அப்படியே விடுவது

மேலே போட்ட குளிர்க் கணக்கு இந்த வழிக்குத்தான் சாதகம். நவம்பரில் முழுக்க நிரப்பு, தண்ணீர் மட்டம் பார், நெகட்டிவ் வயரைக் கழற்று, கதவைச் சாத்து. சார்ஜர் வயர் காருக்குள் ஐந்து மாதம் கிடக்க வேண்டியதில்லை. எலி கடிக்கவும் ஒன்றும் இல்லை.

இதில் தோற்பது எப்போது என்றால், நிரம்பிவிட்டது என்று நினைத்து நிரம்பாத பேட்டரியை விடும்போது. அக்டோபர் கடைசியில் ஒரு சுற்றுப் போய் வந்து, ஆல்டர்னேட்டர் நிரப்பியிருக்கும் என்று நம்பிக் கழற்றிவிடுவார்கள். இருபது நிமிஷ ஓட்டம் பேட்டரியை நிரப்பாது. 1966 மஸ்டாங்கின் மீட்டரில் முள் நடுவில் நிற்பதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள், அந்த முள் எதற்குமே பெரிதாக அசையாது. மேலும், முழுதாக நிரம்பாமல் மாதக்கணக்கில் கிடந்தால் பிளேட்டில் சல்பேட் படிந்து கெட்டியாகும். முதலில் மாவு போல இருப்பது நாளாக ஆகக் கல்லாகிவிடும், பிறகு எந்த சார்ஜர் போட்டாலும் கரையாது.

பேஸ்மென்டுக்குக் கொண்டுபோவது

பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கீழே பேஸ்மென்டில் வைப்பவர்கள் நிறைய. அங்கே எப்போதும் 18 டிகிரி. பேட்டரிக்குக் குளிருமே என்ற பாசம்தான், ஆனால் அந்தக் கதகதப்பில் அது கேரேஜில் இருப்பதைவிட நாலைந்து மடங்கு வேகமாக இறங்கும். பாதி இறங்கிய பேட்டரி, உடனே சார்ஜ் போட முடியவில்லை என்றால் மட்டும் இதற்கு அர்த்தம் உண்டு, உறையாமல் தப்பிக்கும்.

கான்கிரீட் தரையில் வைத்தால் சார்ஜ் தரைக்குள் இறங்கிவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மரப்பெட்டியும் கெட்டி ரப்பர் பெட்டியும் இருந்த காலத்து எச்சரிக்கை அது. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்குப் பொருந்தாது. பேஸ்மென்டில் பயப்பட வேண்டியது தரையை அல்ல, பக்கத்தில் எரியும் கேஸ் ஃபர்னஸையும் வாட்டர் ஹீட்டரையும்தான். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே தீப்பற்றும். ஈர பேட்டரியை அங்கே சார்ஜ் போடவே வேண்டாம்.

மீதி வழிகள்

வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பத்து நிமிஷம் ஓடவிடுவது: செய்யாதீர்கள். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராமல் சைலன்சரிலும் ஆயிலிலும் தண்ணீர் சேரும், குளிர்ந்த பேட்டரி அந்தப் பத்து நிமிஷத்தில் வாங்கிக்கொள்வதும் சொற்பம், மூடிய கேரேஜில் கார்பன் மோனாக்சைடு வேறு. சோலார் பேனல் வைப்பது, ஜன்னல் இல்லாத கேரேஜுக்கும் மிச்சிகன் ஜனவரிக்கும் வேடிக்கை. நகல் பெட்டிக்குள் லித்தியம் பேட்டரியை ஒளித்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். எடை குறையும், ஆனால் பூஜ்ய டிகிரிக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் போடக்கூடாது, அதனால் இந்த ஊரில் அந்தப் பேச்சே வேண்டாம்.

சாதாரண பேட்டரியின் மேல் பழைய தோற்றமுள்ள மூடியைக் கவிழ்த்து வைப்பது ஒரு நல்ல சமரசம். தெருவில் ஓட்டி மகிழ்பவருக்கு இதுவே போதும் என்பேன். அடியில் ஈரம் தங்கும், அடிக்கடி கழற்றித் துடைக்க வேண்டும். கண்காட்சியில் கையை வைத்துப் பார்க்கும் நடுவருக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

பரிசுக்குப் போகிறவர்கள் வேறு விதமாகச் செய்கிறார்கள். என் நண்பர் ஒருவர் கார்வெட் வைத்திருக்கிறார். 1974-இல் தொடங்கிய கார்வெட் மறுசீரமைப்போர் சங்கத்தின் உயர்ந்த விருதுக்கு 100-க்கு 94 வேண்டும், ஒவ்வொரு திருகுக்கும் கணக்கு. அவர் ஓட்டுவது சாதாரண பேட்டரியில். நகல் பேட்டரியை ஆசிட் ஊற்றாமல் உலர்ந்தபடியே அட்டைப் பெட்டியில் வைத்திருக்கிறார், சில நகல்கள் அப்படித்தான் விற்பனைக்கு வரும். ஆசிட் படாத பேட்டரிக்குச் சார்ஜரும் வேண்டாம், பராமரிப்பும் வேண்டாம். ஆனால் சங்கத்தின் சோதனையில் காரை ஸ்டார்ட் செய்து காட்ட வேண்டிய நாள் வந்தால் ஆசிட் ஊற்றித்தான் ஆக வேண்டும். ஊற்றிய நாளிலிருந்து அதுவும் நம் பேட்டரி மாதிரிதான்.

நான் எதைச் செய்கிறேன்

இரண்டு வழிகளைக் கலந்துவிட்டேன். எர்த் வயரைக் கழற்றிக் குளிர்ந்த கேரேஜிலேயே விடுகிறேன், மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு மட்டும் 4.3 ஆம்பியர் ஸ்மார்ட் சார்ஜரை மாட்டி ஞாயிறு காலை கழற்றுகிறேன். கணக்குப்படி பார்த்தால் மாதம் ஒருமுறை தேவையே இல்லை, டிசம்பரில் ஒன்றும் பிப்ரவரியில் ஒன்றும் போதும். ஆனால் மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து பார்க்க ஒரு சாக்கு வேண்டும்.

திறந்து பார்ப்பதில் நம் ஆட்களுக்கு ஒரு வசதி உண்டு. ஊரில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி வளர்ந்தவர்கள் நாம். அதே வேலைதான் இதுவும். ஊற்றுவது டிஸ்டில்டு வாட்டர் மட்டும், ஆசிட் ஒருபோதும் அல்ல, குழாய்த் தண்ணீரும் அல்ல. பிளேட் வெளியே தெரிந்தால் மூழ்கும் அளவுக்கு மட்டும் முதலில் ஊற்றிக்கொண்டு, மிச்சத்தைச் சார்ஜ் முடிந்த பிறகு ஊற்ற வேண்டும். சார்ஜ் ஏறும்போது மட்டம் உயரும். முன்பே விளிம்புவரை ஊற்றினால் பொங்கி வழிந்து தாரின் மேல் நிற்கும், அங்கிருந்து தட்டுக்கு இறங்கும். மஸ்டாங்கில் பேட்டரி ரேடியேட்டருக்குப் பக்கத்தில், பயணி பக்கத்து மூலையில் இருக்கிறது, அங்கே துரு பிடித்தால் தட்டோடு நிற்காமல் பக்கவாட்டுத் தகட்டையும் தின்னும். பேக்கிங் சோடா கரைத்த தண்ணீரில் நனைத்த துணியால் மேல்பக்கத்தைத் துடைத்துவிடுங்கள். அந்தத் தண்ணீர் மூடித் துளை வழியாக உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் ஹைட்ரோமீட்டர், அதாவது ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் கருவி. தனித்தனி மூடியுள்ள பேட்டரியின் பெரிய லாபமே இது. வோல்ட்மீட்டர் ஆறு செல்லையும் கூட்டிச் சொல்லும், ஹைட்ரோமீட்டர் ஒவ்வொன்றையும் தனியாகச் சொல்லும். நிறைந்த செல் 1.265, பாதி 1.190. இது 27 டிகிரிக்கான கணக்கு. குளிர்ந்த ஆசிட் உண்மையைவிட அதிகமாகக் காட்டும், 5.5 டிகிரி குறைவுக்கு 0.004 வீதம் கழித்துக்கொள்ள வேண்டும். எண்ணைவிட முக்கியம், ஆறும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பது. ஐந்து செல் 1.260 காட்டி ஒன்று மட்டும் 1.200-இல் நின்றால், சார்ஜரை மாற்றிப் பயனில்லை, அந்தப் பேட்டரியின் நாள் எண்ணப்படுகிறது. சின்ன உருண்டைகள் மிதக்கும் விலை மலிந்த ரகம் வேண்டாம், கண்ணாடி மிதவை உள்ளதை வாங்குங்கள்.

மாட்டும்போது சிவப்பு கிளிப் பேட்டரியின் பாசிட்டிவில். எர்த் வயர் கழற்றியிருப்பதால் கறுப்பு நேரே நெகட்டிவ் முனையில், ஆனால் சார்ஜர் பிளக்கைச் சுவரில் சொருகுவது எல்லாவற்றுக்கும் கடைசியாக, பிடுங்குவது எல்லாவற்றுக்கும் முதலாக. எர்த் கழற்றாத காரில் கறுப்பு கிளிப்பைப் பேட்டரியை விட்டுத் தள்ளி எஞ்சினில் மாட்டுவது நல்லது. தீப்பொறி வந்தாலும் ஹைட்ரஜனுக்குத் தூரமாக வரும்.

இதே வழியை எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். உங்கள் நகலுக்குள் இருப்பது ஏஜிஎம் என்றால், ஏஜிஎம் நிலை உள்ள ஸ்மார்ட் சார்ஜரை வாங்கிக் குளிர்காலம் முழுக்க மாட்டியே வையுங்கள், திறந்து பார்க்க அதில் ஒன்றும் இல்லை. மாதாமாதம் நினைவு வைத்துக்கொள்ள முடியாதவர்களும், குளிர்காலத்தில் மூன்று மாதம் ஊருக்குப் போய்விடுபவர்களும் அதையே செய்யலாம், ஈர பேட்டரியாக இருந்தாலும் சரி. போகுமுன் தண்ணீர் மட்டத்தை மட்டும் பார்த்துவிடுங்கள். 1928 முதல் 1955 வரை வந்த ஃபோர்டு கார் என்றால் கதையே வேறு. அது 6 வோல்ட், பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். 6 வோல்ட் நிலை உள்ள சார்ஜர் வேண்டும், 12-இல் வைத்தால் பேட்டரி வெந்துவிடும். சிவப்பு கிளிப் அங்கேயும் பாசிட்டிவில்தான், அது பாடியைத் தொட்டுக்கொண்டிருக்கிறதே என்று குழம்ப வேண்டாம்.

போன ஏப்ரலில் ஆறு செல்லும் 1.255-க்கும் 1.260-க்கும் நடுவில் நின்றன. எர்த் வயரை மாட்டி, சோக் விழ ஆக்ஸிலேட்டரை ஒருமுறை அழுத்திவிட்டுச் சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் நன்றாகவே சுற்றியது, எஞ்சின்தான் பிடிக்கவில்லை. ஐந்து மாதத்தில் கார்பரேட்டரில் இருந்த பெட்ரோல் முழுக்க வற்றிப்போயிருந்தது. பம்ப் இழுத்து வரும்வரை, நடுநடுவே ஸ்டார்ட்டருக்கு ஓய்வு கொடுத்து, முக்கால் நிமிஷமாவது சுற்றியிருப்பேன். கடைசிச் சுற்றிலும் பேட்டரியின் குரல் இறங்கவில்லை.